வரிசைக்கு வராதவர்கள்: தோட்டப்புறமும் அரசு ஊழியரின் செயல்திறனும்

அரசு ஊழியரின் செயல்திறன் என்று பேச்செடுத்தால் மலேசியாவில் அது பெரும்பாலும் மூன்று திக்கில் போகும். சம்பளம் போதவில்லை என்பார் ஒருவர். கண்டிப்பு போதவில்லை என்பார் இன்னொருவர். எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட்டால் தீர்ந்தது என்பார் மூன்றாமவர். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. மூன்றையும் நாடு சோதித்தும் பார்த்துவிட்டது. ஆனால் நெகிரி செம்பிலானின் பாகாவ், கெமஞ்சே, ரந்தாவ், லாபு வட்டாரத் தோட்டங்களிலிருந்து பார்த்தால், இந்த விவாதம் ஒரு கேள்வியைத் தொடாமலே போய்க்கொண்டிருப்பது தெரியும். ஓர் அரசு ஊழியர் யாருக்குப் பொறுப்பு? முகப்பில் எண் வாங்கிக் காத்திருப்பவருக்கு மட்டுமா, தம் வட்டாரத்தில் வாழும் எல்லாருக்குமா? முதலாவது என்றால் அவர் வேலை ஒரு வரிசையைக் கரைப்பது. இரண்டாவது என்றால் அவர் கையில் ஒரு பெயர்ப் பட்டியல் இருந்தாக வேண்டும். அதில் வராதவர் பெயரும் இருக்க வேண்டும். இந்நாட்டுப் பொதுச்சேவை எங்கெல்லாம் பட்டியலை நம்பி இயங்கியதோ அங்கெல்லாம் சாதித்தது. எங்கெல்லாம் வரிசையோடு நின்றுகொண்டதோ அங்கெல்லாம் தோட்டப்புற மக்கள் தவறிப்போனார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சீர்திருத்தங்களுக்குக் குறைவில்லை. 1966-இல் மோண்ட்கோமெரி, எஸ்மன் என்ற இரு அமெரிக்க அறிஞர்களின் அறிக்கையைத் தொடர்ந்து பிரதமர் துறையில் மேம்பாட்டு நிர்வாகப் பிரிவு அமைந்தது. 1972-இல் இந்தான் என்னும் தேசியப் பொது நிர்வாகக் கழகம் வந்தது. டாக்டர் மகாதீர் 1981-இல் பொறுப்பேற்றதும் அலுவலகங்களில் நேரப்பதிவு அட்டையும் சட்டையில் பெயர்ப்பட்டையும் கட்டாயமாயின. அடுத்த ஆண்டு 'தூய்மை, திறமை, நம்பிக்கை' இயக்கம் தொடங்கியது. 1992-இன் புதிய சம்பளத் திட்டம் ஊதிய உயர்வை வேலைத்திறனோடு இணைத்தது. 1993-இல் ஒவ்வோர் இலாகாவும் 'இத்தனை நாளில் முடித்துத் தருவோம்' என்று வாடிக்கையாளர் சாசனம் எழுதி மாட்டியது. 2002-இன் சம்பளத் திட்டம் பதவி உயர்வுக்குத் திறன்மதிப்பீட்டுத் தேர்வைக் கொண்டுவந்தது. வேலையை விட்டுவிட்டுத் தேர்வுக்குப் படிக்கிறார்கள் என்ற குறை வலுத்து, 2011-இல் அது கைவிடப்பட்டது. 2010-இல் அரசாங்க உருமாற்றத் திட்டம் அமைச்சர்களுக்கே அடைவுக் குறியீடு வைத்தது. 2024 டிசம்பரில் புதிய ஊதிய முறை நடப்புக்கு வந்தது. 2025-இல் விதிமுறைச் சுமையைக் குறைக்க ஒரு சட்டமும் நிறைவேறியது.

இவையெல்லாம் வீண் என்று சொன்னால் அது நேர்மையாகாது. கடப்பிதழைப் புதுப்பிக்க ஒரு காலத்தில் எத்தனை நாள் அலைந்தோம், இன்று எத்தனை மணி நேரத்தில் வாங்குகிறோம் என்பதை நகரவாசி எவரும் அறிவார். தொழில் நடத்தும் வசதியை அளந்த உலக வங்கியின் 2014-ஆம் ஆண்டுப் பட்டியலில் மலேசியா 6-ஆம் இடத்தைப் பிடித்தது. ஆனால் அந்த வெற்றிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு தன்மை உண்டு. விண்ணப்பம் கைக்கு வந்த கணத்தில்தான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. விண்ணப்பிக்கத் தெரியாதவர், பாரத்தை வாசிக்க முடியாதவர், நாள்சம்பளத்தை இழந்து பேருந்து ஏறிவர முடியாதவர் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆகவே ஓர் இலாகா தன் சாசனத்தை நூற்றுக்கு நூறு நிறைவேற்றிக்கொண்டே தன் எல்லைக்குள் ஒரு பெரும் பகுதியினரைத் தொடாமல் இருக்க முடியும். அதில் யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள், அளவுகோலே அப்படி. அளவுகோலைத் துரத்துவதன் ஆபத்து உலக வங்கிக்கும் விளங்கியது: தரவுகளில் முறைகேடு நடந்தது வெளிப்பட்டு, 2021-இல் அந்தப் பட்டியலையே அது நிறுத்திவிட்டது.

இந்தக் குறை ஏன் தோட்டப்புறத்தில் இத்தனை கூர்மையாக வெளிப்பட்டது? தோட்டம் தனியார் நிலம். வெள்ளைக்காரன் காலத்துத் தொழிலாளர் சட்டம் லயத்து வீடு, தண்ணீர், மருத்துவம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் தோட்ட நிர்வாகத்தின் தலையில் வைத்தது. துரை, கிராணி, கங்காணி, டிரசர் என்ற அடுக்குதான் அங்கே அரசாங்கம். விடுதலைக்குப் பின்னும் வாயில்கம்பி அப்படியே இருந்தது. துன் ரசாக் 1960-இல் தொடங்கிய 'சிவப்புப் புத்தகம்' என்னும் கிராம வளர்ச்சித் திட்டம் மலேசியப் பொதுச்சேவை வரலாற்றில் ஒரு சாதனை. ஒவ்வொரு மாவட்ட அலுவலகத்திலும் ஒரு செயல்கூடம். சுவரில் மாவட்டத்தின் வரைபடம். அதன்மேல் சாலைக்கு ஒன்று, நீருக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று என்று ஊடுருவித் தெரியும் தாள்கள். துணைப் பிரதமராயிருந்த அவரே நேரில் வந்து, வரைபடத்தில் உள்ள கோடு தரையில் இருக்கிறதா என்று கேட்பார். அதிகாரிகள் வேகமாக வேலை செய்ததற்கு அந்தக் கேள்வி ஒரு முக்கியக் காரணம். ஆனால் அந்தத் திட்டம் நாடிப்போனது கம்பங்கள் எனப்படும் கிராமங்களை. தோட்டம் முதலாளியின் பொறுப்பு என்று ஒதுக்கப்பட்டதால் அங்கே சாலைக்கும் நீருக்கும் பொறுப்பான அரசு அதிகாரி என்று ஒருவர் இல்லை.

ஒரே மாவட்டத்துக்குள்ளேயே இந்த வேற்றுமையைக் காணலாம். ஜெம்போலில் பாலோங், செர்த்திங் போன்ற, அரசின் நில மேம்பாட்டு அமைப்பான பெல்டாவின் குடியேற்றங்கள் தனியார் தோட்டங்களுக்கு அண்டையிலேயே எழுந்தன. இரண்டிலும் அதே மண், அதே பால்மரம், பின்னாளில் அதே செம்பனை. ஆனால் பெல்டா குடியேற்றத்தில் நிர்வாகியும் பணியாளர்களும் அந்த இடத்திலேயே குடியிருந்தார்கள். குடியேறிய ஒவ்வொரு குடும்பத்தின் பெயரும் அவர்கள் ஏட்டில் இருந்தது. பிள்ளையின் படிப்பு முதல் வீட்டின் கூரை வரை கேட்டறிய ஓர் ஊழியர் இருந்தார். அண்டைத் தோட்டத்திலும் பெயர் ஏடு இருந்தது. அது விடியற்காலைப் பெரட்டில் வாசிக்கப்படும் செக்ரோல். அன்று வேலைக்கு வந்தவரைக் கணக்கிடும் ஏடு. அது முதலாளிக்காக எழுதப்பட்டது. அரசு ஊழியர் எவர் மேசையிலும் அம்மக்களுக்கென ஓர் ஏடு கிடையாது. பெல்டா ஊழியர் தனியார் தோட்டத்தின் பக்கம் வந்துபோன எழுத்தரைவிடச் சுறுசுறுப்பானவர் என்று கொள்ள எந்த ஆதாரமும் இல்லை. ஒருவரிடம் பெயர்கள் ஒப்படைக்கப்பட்டிருந்தன; மற்றவரிடம் இல்லை.

இதன் விலை அடையாள ஆவணங்களில் வெளிப்பட்டது. 1968-இன் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டமும் அதையொட்டி 1969-இல் வந்த வேலை அனுமதி முறையும் குடியுரிமை இல்லாதவர்களை வேலையிலிருந்து விலக்கின. ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாட்டைவிட்டுப் போனதாக மதிப்பிடப்படுகிறது. இவர்களில் பலர் குடியுரிமைக்குத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காதவர்கள். தங்கியவர்களில் பலர் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டையோடு முதுமையடைந்தார்கள். அடுத்த தலைமுறையில் சிக்கல் இன்னும் நுட்பமானது. தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டி, உறவு சூழ வாழ்த்துப் பெற்ற ஒரு திருமணத்தை எடுத்துக்கொள்வோம். 1982 மார்ச்சில் நடப்புக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டத்தின்படி அது பதிவு செய்யப்படவில்லை. பிள்ளை பிறக்கிறது. தந்தை குடிமகன், தாயிடம் பத்திரம் ஏதுமில்லை. திருமணம் பதிவாகாததால் சட்டத்தின் கண்ணில் பிள்ளை தாயின் நிலையைப் பெறுகிறது. தந்தையின் குடியுரிமை கைகொடுப்பதில்லை. ஏழு வயதில் பள்ளியில் சேர்க்கும்போதுதான் பெற்றோருக்கே விஷயம் விளங்குகிறது. இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் அரசு ஊழியர் தம் கடமையைச் சரியாகவே செய்திருக்கலாம். வராத திருமணத்தைப் பதிய முடியாது. வராத தாய்க்குப் பத்திரம் தர முடியாது. 2011-இல் மைடஃப்தார் என்னும் ஆவணப் பதிவு இயக்கமும் பின்னர் நடந்த அதன் மறுபதிப்புகளும் ஊழியர்களை மக்களிடம் அனுப்பியபோது கூட்டம் திரண்டது. அந்த மக்கள் அதுவரை அங்கேயேதான் இருந்தார்கள்.

இனி வெற்றிபெற்ற பக்கம். இதே நாட்டில், இதே சம்பள முறையில், இதே ஒழுங்கு விதிகளின் கீழ் பணியாற்றிய ஓர் ஊழியர் கூட்டம் உலகம் வியக்கும் பலனைத் தந்தது: கிராமச் சுகாதாரத் தாதியர். 1957-இல் ஒரு லட்சம் பிரசவத்துக்கு ஏறத்தாழ 280 தாய்மார்கள் இறந்தனர். 2000-ஐ ஒட்டி அது 30-க்கும் கீழே இறங்கியது. உலக வங்கியே மலேசியாவையும் இலங்கையையும் முன்மாதிரியாக எடுத்து 2003-இல் ஒரு நூல் வெளியிட்டது. சாலைகளும் மருத்துவமனைகளும் பெண் கல்வியும் இதில் பங்கு பெற்றன என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அடித்தளத்தில் இருந்தது கிளினிக் டேசா என்னும் கிராம மருந்தகம்: ஏறத்தாழ 4,000 பேருக்கு ஒன்று. அந்தத் தாதியிடம் தம் வட்டாரத்துக் கர்ப்பிணிகளின் பெயர்கள் உண்டு. குறித்த நாளில் ஒருத்தி பரிசோதனைக்கு வரவில்லையென்றால் தாதி அவள் வீட்டுக்குப் போக வேண்டும். கர்ப்பிணியின் அட்டையில் ஒட்டும் நிற அடையாளம் மேலும் முக்கியமானது. வெள்ளை என்றால் தாதியே கவனிக்கலாம். பச்சை என்றால் மருத்துவரின் மேற்பார்வை. மஞ்சள் என்றால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. சிவப்பைக் கண்ட இளநிலைத் தாதி எவரிடமும் ஒப்புதல் வாங்கக் காத்திருக்க வேண்டியதில்லை. பட்டியல் அவருக்குப் பொறுப்பைத் தந்தது; நிறம் அவருக்கு அதிகாரத்தைத் தந்தது.

மூன்றாவதாக ஒன்றும் அந்த அமைப்பில் இருந்தது: தவறிலிருந்து கற்கும் வழி. 1991 முதல் நாட்டில் நேரும் ஒவ்வொரு தாய் இறப்பும் இரகசியமாக விசாரிக்கப்படுகிறது. யார் தவறு என்று தண்டிப்பது நோக்கமன்று; எந்த இடத்தில் தாமதம் நேர்ந்தது, அடுத்த தாயை எப்படிக் காப்பது என்பதே கேள்வி. விசாரணை தொடங்கியதும் பதிவான இறப்பு விகிதம் கூடியது. சேவை கெட்டுப்போய் அது கூடவில்லை; முன்பு கணக்கில் வராத இறப்புகள் வெளியே வந்ததால் கூடியது. அந்த எண்ணை வைத்து ஊழியரின் சம்பள உயர்வை வெட்டியிருந்தால் அடுத்த ஆண்டே அது மறைந்திருக்கும். இதற்கு எதிர்மாறான பாடமும் நெகிரி செம்பிலானிலேயே உண்டு. 1998-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போ வட்டாரத்தில் தொடங்கிய மூளைக்காய்ச்சல் சிக்காமாட், சுங்கை நிப்பா, புக்கிட் பெலண்டோக் பன்றிப் பண்ணைகளுக்குப் பரவியது. அதிகாரிகள் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கொண்டு கொசுமருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். வேலை நடந்தது, எண்ணிக்கையும் ஏறியது. ஆனால் விழுந்தவர்கள் அந்நோய் வழக்கமாகத் தாக்கும் குழந்தைகள் அல்லர், பன்றியைக் கையாண்ட பெரியவர்கள். ஊசி போட்டவர்களும் விழுந்தார்கள். களத்தில் கண்ணுக்குத் தெரிந்த இந்த முரண் மேலிடத்தின் முடிவை மாற்றக் காலம் பிடித்தது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் புதிய கிருமியைப் பிரித்தெடுத்த பிறகே திசை திரும்பியது. மொத்தத்தில் மலேசியாவில் மட்டும் 105 பேர் இறந்தனர்.

வெளிநாட்டு ஆய்வுகளும் இதே திசையைக் காட்டுகின்றன. இந்தோனேசியா 2005-இன் சட்டத்தையடுத்துச் சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களின் சம்பளத்தை இரட்டிப்பாக்கியது. 2018-இல் வெளியான விரிவான ஆய்வு, ஆசிரியர்களின் மனநிறைவு கூடியதையும் மாணவரின் கற்றலில் மாற்றம் ஏதும் இல்லாததையும் காட்டியது. நைஜீரியாவில் 4,700 அரசுத் திட்டங்களை ஆராய்ந்த ரசூல், ராகர் இருவரும், ஊழியருக்கு முடிவெடுக்கும் சுதந்திரம் இருந்த அமைப்புகளில் திட்டங்கள் கூடுதலாக நிறைவேறின என்றும், ஊக்கத்தொகையும் கண்காணிப்பும் மிகுந்த அமைப்புகளில் குறைவாக நிறைவேறின என்றும் கண்டார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரை, இரத்த அழுத்த நோயாளிகளின் வீட்டுக்கே மருந்தைக் கொண்டுபோகிறது. நோயாளி வருவதற்காகக் காத்திருந்தால் மாத்திரை பாதியில் நின்றுவிடும் என்ற அனுபவத்திலிருந்து பிறந்தது அது. சம்பளம் முக்கியமில்லை என்று இவை சொல்லவில்லை. கௌரவமாக வாழப் போதாத சம்பளத்தில் யாரும் நல்ல வேலை தர மாட்டார்கள். அந்த எல்லையைத் தாண்டிய பின் கூடுதல் பணம் தானாகக் கூடுதல் பயனாக மாறுவதில்லை.

இவ்வாதத்துக்கு முதல் மறுப்பு இப்படி வரும்: தோட்டங்கள்தாம் காலியாகிவிட்டனவே, இனி யாருக்குப் பட்டியல்? உண்மைதான். நீலாய் நகரும், சிரம்பான் 2-உம், ஸ்ரீ செண்டாயானும் தோட்ட நிலத்தில் எழுந்த ஊர்கள். லயங்களில் இன்று பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் குடியிருக்கிறார்கள். ஆனால் வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஆவணச் சிக்கலையும் மூட்டை கட்டிக்கொண்டுதான் மலிவுவிலை அடுக்குமாடிக்குப் போயின. முன்பாவது தோட்டத்தின் பெயரைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடிக்கலாம். இப்போது அதுவும் இல்லை. வந்து குடியேறிய வெளிநாட்டுத் தொழிலாளரின் நிலையோ பழைய தோட்டத் தொழிலாளரின் நிலையேதான்: முதலாளியின் ஏட்டில் பெயர் உண்டு, அரசு ஊழியரின் ஏட்டில் இல்லை. தொழிலாளர் குடியிருப்புத் தரச் சட்டம் 1990-இலிருந்தே இருக்கிறது. 2020-இல் அது பிற தொழில்துறைகளுக்கும் விரிந்தது. புகார் வந்தால்தான் சோதனை என்றிருந்தால், கடப்பிதழை முதலாளியிடம் கொடுத்துவிட்ட தொழிலாளி எந்தத் துணிவில் புகார் தருவார்?

இரண்டாவது மறுப்பு செலவு. ஏறத்தாழ 16 லட்சம் அரசு ஊழியர்கள் இருக்கும் நாட்டில் வீடுவீடாகப் போக இன்னும் ஆள் எடுப்பதா என்று கேட்பார்கள். புதிய ஆட்கள் தேவையில்லை. இருக்கும் தகவல்கள் ஒன்றையொன்று சந்தித்தால் போதும். நெகிரி செம்பிலானில் 61 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பல இன்னும் தோட்டப் பெயரையே தாங்கி நிற்கின்றன. முதலாம் ஆண்டுச் சேர்க்கையின்போது எந்தப் பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை என்பது தலைமையாசிரியருக்குத் தெரியும். பிள்ளை பிறந்த வாரமே தாய்க்குப் பத்திரம் உண்டா என்பது தாதிக்குத் தெரியும். இருவரும் அரசு ஊழியர்கள். ஆனால் அவர்கள் அறிந்தது பதிவு இலாகாவின் மேசைக்கு ஒரு கடமையாகப் போய்ச் சேருவதில்லை. தனிமனித நல்லெண்ணம் இருந்தால் போகும், இல்லையென்றால் நின்றுவிடும். ஊழியருக்கு ஏற்கெனவே பாரச்சுமை மிகுதி என்பதும் மெய்யான குறைதான். ஆசிரியரைக் கேட்டால் கற்பிப்பதைவிட இணையத்தில் தகவல் ஏற்றுவதற்கே நேரம் போகிறது என்பார். பட்டியலைப் பழைய பாரங்களின் மேல் இன்னொன்றாக ஏற்றினால் அதுவும் வெறும் தாளாகிவிடும். ஒன்றைச் சேர்த்தால் இரண்டையாவது எடுக்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பே கனமானது: அடிநிலை ஊழியருக்கு அதிகாரம் கொடுத்தால் கையூட்டும் பாரபட்சமும் வராதா? வரலாம். ஆயினும் பட்டியல் வரிசையைவிடத் தணிக்கைக்கு எளியது. எந்தப் பெயரையும் எடுத்து, இவருக்கு என்ன ஆயிற்று என்று மேலதிகாரி நேரில் கேட்கலாம். துன் ரசாக் வரைபடத்தின் முன் நின்று கேட்டதுபோல. முகப்புக்கு வராமல் போனவரைப் பற்றி யாராலும் கேட்க முடியாது. இதோடு இணைந்த ஓர் அச்சமும் உண்டு. அரசாங்கம் வைத்திருக்கும் பெயர்ப் பட்டியல் எப்போதும் சேவைக்காக மட்டும் இருந்ததில்லை; அடையாள அட்டையே 1948-இல் அவசரகாலக் கட்டுப்பாட்டுக் கருவியாகத்தான் பிறந்தது. பத்திரமில்லாத தாய், தாதியிடம் சொன்னது போலீசுக்குப் போகும் என்று அஞ்சினால் கிளினிக் பக்கமே வரமாட்டாள். எனவே சேவைக்காகத் திரட்டிய பெயர் சேவைக்கு மட்டுமே என்பது வாய்மொழி வாக்குறுதியாக இல்லாமல் விதியாக இருக்க வேண்டும்.

பொதுச்சேவையில் இந்தியர் பங்கு ஏறத்தாழ 4 விழுக்காடுதான். அதை உயர்த்தினால் போதுமே என்பது நம்மிடையே அடிக்கடி கேட்கும் தீர்வு. 2017-இன் மலேசிய இந்தியர் பெருந்திட்டம் 7 விழுக்காட்டை இலக்காக வைத்தது. மொழி புரியும் ஊழியர் முன் ஒரு தோட்டத்துப் பாட்டி மனம்திறந்து பேசுவார் என்பதால் அந்த உயர்வு தேவையானதே. ஆனால் முகப்புக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் தமிழ் ஊழியரும் முகப்புக்கு முன்னால் நிற்பவருக்குத்தான் உதவ முடியும். கிராமத் தாதியரின் வெற்றிக்கு இனம் அடிப்படையாக இருந்ததில்லை. மலாய்த் தாதி தமிழ்த் தாயின் வீட்டுக்குப் போனதற்குக் காரணம், அந்தத் தாயின் பெயர் அவர் ஏட்டில் இருந்ததே.

தொடங்க வேண்டிய இடம் மாவட்டம். ஜெம்போலிலோ தம்பினிலோ மாவட்ட அதிகாரி, பதிவு இலாகா, சுகாதார இலாகா, கல்வி அலுவலகம், தொழிலாளர் இலாகா ஆகியவற்றை மாதமொருமுறை ஒரே மேசையில் உட்கார வைக்கலாம். இத்தனை விண்ணப்பங்களை முடித்தோம் என்ற கணக்கு அங்கே வேண்டாம். நம் எல்லைக்குள் பத்திரம் இல்லாமல் எஞ்சியிருப்போர் யார் யார், பரிசோதனைக்கு வராத கர்ப்பிணி யார், பள்ளிக்கு வராமல் நின்ற பிள்ளை யார், ஓராண்டாக யாரும் எட்டிப்பார்க்காத தொழிலாளர் குடியிருப்பு எது என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். முதல் ஆண்டில் அந்த எண்ணிக்கை கூடும். கூடினால் ஊழியரைக் குற்றம் சொல்லக்கூடாது, தேடத் தொடங்கியிருக்கிறார்கள் என்று கொள்ள வேண்டும். அதற்குப் பிறகும் குறையாவிட்டால்தான் அது குறை. சம்பளமும் பயிற்சியும் கணினியும் இந்தக் கேள்விக்கு விடை தேடப் பயன்படும்போது அவற்றுக்கும் பலன் கிடைக்கும். கேள்வி இல்லாத இடத்தில், ஏற்கெனவே முகப்புக்கு வரத் தெரிந்தவருக்கு இன்னும் சற்று விரைவான சேவை என்பதற்கு மேல் அவை எதையும் தந்துவிடப் போவதில்லை.